பச்சைக் காட்சி

அனைத்துப் புனிதர் நாளன்று காலை, லிப்போவா தெருக் கல்லறையின் பெரிய வாசலுக்குப் போனேன். போன வருடம்வரை ஹால்ஷ்கா நின்ற இடத்தில் இந்த வருடம் நான் நிற்பதாக ஒப்புக்கொண்டிருந்தேன். ஒப்புக்கொண்டதற்குக் காரணம் ஹியரோனிம்.

ஹால்ஷ்கா என் மனைவி. நடிகை. ஜூன் மாதம் மேடையில் விழுந்தாள். மருத்துவமனையில் இறந்தாள். அவள் விழுந்தபோது அவள் முகத்தருகே குனிந்தவர் உடன் நடித்த ஹியரோனிம் ஒருவர்தான். அவள் அவரிடம் ஏதோ சொன்னாள். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் பேசவில்லை. அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரிய வேண்டும். இந்த ஐந்து மாதங்களில் எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. சாப்பாடுகூட யாராவது எதிரில் வைத்தால்தான்.

ஹியரோனிம் அடக்கத்துக்கு வரவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டால் எடுக்கவில்லை. தியேட்டரின் பின்வாசலில் காத்திருந்தேன்; முன்வாசல் வழியாகப் பார்வையாளர்களோடு கலந்து போய்விட்டார். ஆனால் அனைத்துப் புனிதர் நாளான நவம்பர் முதல் தேதி அவரால் எங்கும் போக முடியாது. எங்கள் ஊர் லூப்ளினில் உள்ள நடிகர்கள் எல்லாரும் அன்று கையில் தகரப்பெட்டியோடு கல்லறை வாசல்களில் நிற்பார்கள். உடைந்துபோன பழைய சமாதிகளைச் சரிசெய்ய மக்களிடம் காசு கேட்பார்கள். ஜோடியாகத்தான் நிற்க வேண்டும், ஒருவர் பெட்டிக்கு இன்னொருவர் சாட்சி. ஹியரோனிமுக்கு ஜோடி எப்போதும் ஹால்ஷ்காதான்.

ஏற்பாடெல்லாம் பானி வாலென்டினா. பானி என்பது இங்கே பெண்களுக்கு மரியாதைச் சொல், ஆண்களுக்குப் பான். தியேட்டரின் உடைப் பிரிவில் தலைவியாக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலுக்குப் பக்கத்தில் மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"தொப்பி எங்க?"

"எடுத்துட்டு வரல, பானி வாலென்டினா."

"நவம்பர்ல தொப்பி இல்லாம இங்க ரெண்டு பேருதான் வருவாங்க. ஒருத்தன் பைத்தியம். இன்னொருத்தன் உள்ள படுக்க வர்றவன்." சொல்லிவிட்டுத்தான் யோசித்தார். வாயைக் கையால் மூடினார். "ஐயோ, கண்ணு. என் நாக்கப் புடுங்கித்தான் வெக்கணும்."

"பரவாயில்ல."

"பரவாயில்லன்னு சொல்லாத. திட்டு. ஜூன்லேர்ந்து எது சொன்னாலும் பரவாயில்ல, பரவாயில்லன்னே இருக்க. எனக்கு பயமா இருக்கு."

அவர் மேசைக்கடியிலிருந்து ஒரு கம்பளித் தொப்பியை எடுத்து என் தலையில் மாட்டினார். பிறகு காசு சேர்ப்பவர்கள் தோளில் குறுக்காகப் போடும் பட்டையை எடுத்தார்.

"இது அவளோடது. அவ உயரத்துக்கு நான்தான் சுருக்கித் தச்சேன். உனக்கு இறுக்கும். வேற தரட்டா?"

"இதே இருக்கட்டும்."

"எனக்குத் தெரியும், இதத்தான் கேப்பன்னு." பட்டையை மாட்டிவிட்டு, மூடியில் மெழுகு முத்திரை வைத்த பெட்டியைக் கையில் கொடுத்தார்.

"நான் வர்றது பான் ஹியரோனிமுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா வருவானா அவன்? கால்ல சுளுக்கு, மூக்குல சளின்னு ஆளனுப்பியிருப்பான்." குரலைத் தாழ்த்தினார். "உனக்காகத்தான் ரெண்டு பேரையும் ஒரே வாசல்ல போட்டேன். கேக்க வேண்டியதக் கேட்டுக்கோ. சண்ட வந்துச்சுன்னா பெட்டியக் கீழ வெச்சுட்டுப் போடுங்க. முத்திரை உடைஞ்சா நகராட்சில எனக்கு பதில் சொல்லி மாளாது."

டிராலி பஸ்கள் வந்து வந்து கூட்டத்தை இறக்கிவிட்டுப் போயின. எல்லார் கையிலும் சாமந்தித் தொட்டி, கண்ணாடிக் குடுவை விளக்குகள். எதிர்ச்சாரியில் வெங்காய ரொட்டி விற்பவள் முதல் தட்டைத் திறந்திருந்தாள். ஹியரோனிம் அந்தப் பக்கத்திலிருந்து வந்தார். உயரமான மனிதர், அறுபதை நெருங்குகிறவர். ஒட்டக நிறக் கோட்டு. வாசலில் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். திரும்பி பஸ் நிறுத்தத்தைப் பார்த்தார். அதற்குள் இரண்டு பெண்கள் அவரை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார்கள். யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்போது அவரால் திரும்பி நடக்க முடியாது. அவர்களுக்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டு, அதே சிரிப்போடு என் பக்கத்தில் வந்து நின்றார். என்னைப் பார்க்காமல், "வணக்கம், டோபெக்," என்றார்.

"வணக்கம்."

"உனக்குக் குளிருமே."

"குளிரல."

பிறகு கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுக்கத் தொடங்கிவிட்டார். "வாங்க, வாங்க! செத்தவங்களுக்குக் கூரை போடறோம், நாளைக்கு நமக்கும் ஆகும்! தாயே, சத்தம் வராத காசா போடுங்க. சில்லறை விழுற சத்தத்துல உள்ள தூங்குறவங்க முழிச்சுக்கறாங்க!"

மக்கள் சிரித்தார்கள், நோட்டுப் போட்டார்கள். நான் பெட்டியை நீட்டிக்கொண்டு நின்றேன். இப்போது கேட்டால் ஒரு நகைச்சுவை சொல்லிவிட்டு நழுவிவிடுவார். பன்னிரண்டு மணித் திருப்பலிக்குக் கூட்டம் மொத்தமும் உள்ளே சிற்றாலயத்துப் பக்கம் போய்விடும். வாசல் காலியாகும். அதுவரை பொறுக்க வேண்டும்.

ஹால்ஷ்கா க்ராக்கூவில் நாடகப் பள்ளியில் படித்தவள். படிப்பு முடிந்ததும் ஒரு திரைப்படத்தில் நடித்தாள். பேருந்து நிறுத்தத்தில் அழும் பெண். அவள் அம்மா குடியிருப்பு முழுவதையும் கூட்டிக்கொண்டு படம் பார்க்கப் போனார். படத்தொகுப்பில் அந்தக் காட்சியை வெட்டியிருந்தார்கள். விளக்குப் போட்ட பிறகும் அவள் அம்மா எழுந்திருக்காமல், இன்னும் வரும் என்று திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாராம். ஹால்ஷ்கா இதை எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

லூப்ளின் மேடையில் பணிப்பெண்ணாக வந்தாள், செத்த மணப்பெண்ணாக வந்தாள், குழந்தைகள் நாடகத்தில் நரியாக வந்தாள். பெரிய வேடம் கிடைக்கச் சில வருடங்கள் ஆயின. பிறகு தலைநகர் வார்சாவாவில் எடுக்கும் ஒரு தொலைக்காட்சித் தொடரில் டாக்டர் வேடம் வந்தது. வாரத்தில் மூன்று நாள் விடியற்காலை ரயில். தொடர் அவளைக் கடைத்தெருவில் நடக்க முடியாதவளாக ஆக்கியது. முட்டை வாங்கப் போனால் முதுகுவலிக்கு மருந்து கேட்டார்கள். அவளுக்கு அந்த வேடம் பிடிக்காது. "அந்த மூஞ்சிய நான் தகரப்பெட்டிக்குத்தான் வெச்சிருக்கேன்," என்பாள். நவம்பர் வந்தால் அந்த முகத்தோடு வாசலில் நிற்பாள். மற்ற எல்லாப் பெட்டிகளையும்விட அவள் பெட்டி கனக்கும்.

இந்தக் கல்லறையில் ஒரு நடிகையின் சமாதி இருக்கிறது. ஊர் ஊராகப் போன ஒரு குழுவில் நடித்தவள், இங்கே வந்தபோது காய்ச்சலில் இறந்தாள். பெயர் யாருக்கும் நினைவில்லை. சமாதிமேல் உள்ள கல்முகத்தில் மூக்கு உடைந்திருந்தது. "மூக்கில்லாம ஒருத்தி இங்க படுத்திருக்கா, நான் எப்படிப் போய் பவுடர் போட்டுக்கறது?" என்று பானி வாலென்டினாவிடம் சண்டை பிடித்துத்தான் ஹால்ஷ்கா இந்தச் சேகரிப்பில் சேர்ந்தாள். மூக்கு வைத்தார்கள். பிறகு வருடத்துக்கு ஒரு சமாதி. வியாழக்கிழமைகளில் முதிய நடிகர்கள் இல்லத்துக்குப் போவாள். அங்கே மறதி வந்தவர்களின் கட்டிலோரம் உட்கார்ந்து, அவர்கள் நடித்த பழைய வசனத்தின் முதல் வரியைச் சொல்வாள். மீதியை அவர்கள் சொல்வார்கள். சொந்த மகள் பெயர் தெரியாதவர்கள்கூடச் சொல்வார்கள். வீட்டுக்கு வந்து எனக்கு நடித்துக் காட்டுவாள். நான் மண்ணியல் படித்தவன். மாகாண ஆய்வுக்கூடத்தில் மண் சோதிக்கிறேன். நாடகம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் சமையலறையில் நடித்தது.

பத்தரை மணிவாக்கில் இரண்டு சகோதரிகள் வந்தார்கள். ஒரே மாதிரிக் கோட்டு. ஆளுக்கொரு சாமந்தித் தொட்டி. மூத்தவள் என் பட்டையைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"டாக்டரம்மா இந்த வருஷம் வரலையா? எப்பவும் இங்கதான நிப்பாங்க."

இளையவள் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "ஏய், அவங்க செத்துட்டாங்கடி. கோடைக்காலத்துல. பேப்பர்ல போட்டிருந்தான்."

"போடி. நேத்து ராத்திரிதான பாத்தேன். அந்தப் பொண்ணுக்கு ஆபரேஷன் பண்ணாங்க."

"அது முன்னாடியே எடுத்து வெச்சதுடி."

"நீ எப்பவும் இப்படித்தான். ஆள உசுரோட சாகடிப்ப. நம்ம அத்தையக்கூட நீ..." மூத்தவள் என்னிடம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. நல்லாத்தான இருக்காங்க?"

இந்த மாதம் நடுவில்வரை அவள் தொடரில் வருவாள். வசந்தத்தில் எடுத்தது. அதற்குப் பிறகு டாக்டர் நார்வேக்கு வேலைக்குப் போகிறாராம். தயாரிப்பாளர் தொலைபேசியில் சொன்னார். நல்ல செய்தி போலச் சொன்னார்.

"இல்ல. இறந்துட்டாங்க," என்றேன்.

மூத்தவள் என்னையே பார்த்தாள். பிறகு தொட்டியைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, கைப்பையைத் திறந்து, ஒரு நோட்டை நான்காக மடித்துப் பெட்டியில் போட்டாள். "அப்ப அந்தப் பொண்ணுக்கு யாரு தையல் பிரிப்பா?" என்றாள். தங்கை அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

ஹியரோனிம் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பச்சைக் காட்சி பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு நாடகத்தை மேடையிலிருந்து எடுக்கும்போது, அதன் கடைசி நாள் காட்சியில் நடிகர்கள் ஒருவருக்கொருவர் குறும்பு செய்வார்கள். தேநீரில் உப்பு, தொப்பிக்குள் பசை, தண்ணீர்க் குப்பியில் நிஜ வோட்கா. பார்வையாளருக்குத் தெரியக் கூடாது. மேடையில் எவன் சிரிக்கிறானோ அவன் தோற்றான், அன்று எல்லாருக்கும் அவன்தான் குடிக்க வாங்கித் தர வேண்டும். தெரியக் கூடாது என்று பெயரே தவிர, எங்கள் ஊரில் வழக்கமாக வருகிறவர்களுக்கு எல்லாம் தெரியும். எந்த நாடகத்துக்கும் அந்தக் காட்சியின் நுழைவுச்சீட்டுதான் முதலில் தீரும். இதில் ஹால்ஷ்காவை ஜெயிக்க ஆளில்லை. ஒரு தடவை சூப் கிண்ணத்துக்குள் உயிருள்ள கெண்டை மீனை விட்டாள். இன்னொரு தடவை, இரண்டு வருடங்களுக்கு முன்னால், காட்சி நடுவில் சோபாவில் சரிந்து செத்துப்போனாள். நாடகத்தில் அவள் சாகக் கூடாது. அடுத்த அங்கத்தில் அவளுக்குக் கல்யாணம். ஹியரோனிம் மிச்சக் காட்சியைப் பிணத்தோடு நடித்தார். பிணத்திடம் காதல் சொன்னார், பிணத்துக்குத் தேநீர் ஊற்றினார். நாடித் துடிப்புப் பார்ப்பது போலக் குனிந்தபோது அவள் அவர் காதில், "விளையாட்டு இல்ல ஹியரோனிம், சத்தியமா செத்துட்டேன், மீதிய நீங்களே பாத்துக்கங்க," என்று கிசுகிசுத்தாள். அவர் வெடித்துச் சிரித்தார். தோற்றார். அடுத்த முறை உன்னைச் சும்மா விடமாட்டேன் என்று எல்லார் முன்னாலும் சபதம் செய்தார்.

அடுத்த முறைதான் இந்த ஜூன்.

நான் அன்று ஊரில் இல்லை. எல்லையோரம் சர்க்கரைக் கிழங்கு வயல்களில் மண் எடுத்துக்கொண்டிருந்தேன். நடந்ததைப் பலர் சொல்லக் கேட்டேன். ஹால்ஷ்கா பண்ணைச் சொந்தக்காரியாக வந்தாள், ஹியரோனிம் அவளைப் பெண் கேட்டு வருகிறவர். நாற்காலியில் இருந்தவள் நெற்றியில் கை வைத்தாள். அப்படியே வழுக்கிக் கம்பளத்தில் விழுந்தாள். ஹியரோனிம் குனிந்தார். அவள் ஏதோ சொன்னாள். அவர் நிமிர்ந்து, பால்கனியைப் பார்த்து, "அம்மணி, போன தடவையும் நீங்க இப்படித்தான் செத்தீங்க!" என்றார். சிரிப்பில் அரங்கமே இடிந்ததாம். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், மறுநாள் காலையில் கடைகளிலும், செய்தி வரும்வரை ஊர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

அவர் வசனம் எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்னால் அவள் சொன்னது ஒருவருக்கும் தெரியாது. வசனம் எடுத்துக்கொடுக்கும் பெண்ணைப் போய்ப் பார்த்தேன். "சிரிப்புல எனக்கு ஒண்ணும் கேக்கலைங்க. சத்தியமா. நானும் சிரிச்சுக்கிட்டிருந்தேன்," என்று அழுதாள். அவளைச் சமாதானப்படுத்திவிட்டு வர நேரமாயிற்று.

பன்னிரண்டுக்கு மணி அடித்தது. கூட்டம் உள்ளே போய்விட்டது. ஒலிபெருக்கியில் பாதிரியார் இருமினார். பானி வாலென்டினா மேசையை விட்டு எழுந்து, "நான் கொஞ்சம் கால நீட்டிட்டு வரேன்," என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டு, கால் நீட்டப் போகிறவருக்கு மிஞ்சிய வேகத்தில் நடந்து போனார்.

நானும் ஹியரோனிமும் மட்டும் நின்றோம்.

"என்ன சொன்னா?" என்றேன்.

அவர் பெட்டியைத் தடவினார். "டாக்டர் என்ன சொன்னாரு, முதல்ல அத சொல்லு."

"எதப் பத்தி?"

"எதப் பத்தின்னு உனக்குத் தெரியும். நான் அங்கயே நிறுத்தியிருந்தா. திரைய இழுங்கடான்னு கத்தியிருந்தா."

"மூளைல ரத்தக்குழாய் வெடிச்சது பெருசாம். உடனே கொண்டு வந்திருந்தாலும் பெரும்பாலும் இதே முடிவுதான்னு சொன்னாரு."

"பெரும்பாலும்."

"ஆமா."

"பெரும்பாலும்னா எவ்வளவு?"

"நான் கேக்கல."

"நான் கேட்டிருப்பேன்," என்றார். கொஞ்சம் சிரித்தார். சிரிப்பு மாதிரி இல்லை. "ராத்திரி படுத்தா டாக்டர எதிர்ல உக்கார வெச்சு கேக்கறேன். ஆளு பதிலே சொல்ல மாட்டேங்கறான். மோசமான நடிகன்."

"பான் ஹியரோனிம். அவ என்ன சொன்னா?"

"தெரிஞ்சு என்ன பண்ணப் போற?"

"ஒண்ணும் பண்ணப் போறதில்ல."

"அப்புறம் எதுக்கு?"

"ஆம்புலன்ஸ்ல அவளுக்கு நினைவில்ல. நான் போய்ச் சேந்தப்போ மூச்சுக் குழாய்தான் இருந்துச்சு. அவ பேசினது அங்க மட்டும்தான். உங்ககிட்ட மட்டும்தான்."

அவர் கல்லறைச் சுவரைப் பார்த்தார். பேச ஆரம்பித்தபோது அது மேடைக் குரலாக இல்லை. சளி பிடித்த கிழவரின் குரலாக இருந்தது.

"'விளையாட்டு இல்ல, ஹியரோனிம்'னு சொன்னா."

அவர் பெட்டியை மற்ற கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அதே வார்த்தை. போன தடவ சொன்னாளே, அதே. எனக்கு உள்ளுக்குள்ள எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வந்துட்டியா கழுத, மறுபடியும் அதே வித்தையோட வந்துட்டியான்னு. இந்தத் தடவ நான் சிரிக்க மாட்டேன்டின்னு. நிமிர்ந்து அந்த வசனத்தப் போட்டேன். இருபத்தாறு வயசுலேர்ந்து மேடைல நிக்கறேன், டோபெக். அப்படியொரு சிரிப்பு எனக்கு வாழ்நாள்ல கெடச்சதில்ல."

"அவ்வளவுதானா?"

அவர் கோட்டின் பொத்தானைத் திருகினார்.

"அவ்வளவுதான் சொன்னாளா?"

"இல்ல."

சிற்றாலயத்துப் பக்கம் எல்லாரும் சேர்ந்து எதற்கோ பதில் சொன்னார்கள். முணுமுணுப்பு வாசல்வரை வந்து நின்றது.

"சிரிப்பு ஒரு அலை மாதிரி," என்றார். "உச்சத்துக்குப் போகும், அப்புறம் எறங்கும். முழுசா எறங்க விடக் கூடாது. எறங்க ஆரம்பிக்கறப்பவே அடுத்த வசனத்த அது மேல ஏத்திடணும். விட்டா சபை செத்துரும். இத யாரும் யோசிச்சுச் செய்யறதில்ல, கண்ணு எப்படி இமைக்குதோ அப்படி. நான் மறுபடியும் குனிஞ்சேன், அவ கையப் புடிச்சு முத்தம் குடுக்கற மாதிரி. அவ, 'டோபெக்கிட்ட சொல்லுங்க'ன்னா."

"என்ன சொல்லச் சொன்னா?"

"சிரிப்பு எறங்குச்சு."

"என்ன சொல்லச் சொன்னா?"

"நான் பேசிட்டேன்டா. என் அடுத்த வசனத்த. உரக்க. கடைசி வரிசைக்குக் கேக்கற மாதிரி. அவ சொல்லிக்கிட்டிருந்தா, உதடு அசைஞ்சுது, நான் பாத்துக்கிட்டே பேசிக்கிட்டிருந்தேன். என் குரல்தான் என் காதுல. அவ வாய் மூடிச்சு. அப்புறம் தெறக்கல. பணிப்பெண்ணா வர்ற பொண்ணு உள்ள வந்து, இவ மூஞ்சி நிறத்தப் பாத்துட்டு அலறிச்சு பாரு, சபை அதையும் குறும்புன்னு சிரிச்சுது, எனக்கு அப்பதான் புரிஞ்சுது."

என் கையில் பெட்டி இருந்தது. அதன் கைப்பிடி ஒரு பக்கம் தளர்ந்திருந்தது. கவனித்தேன்.

"இத சொல்றதுக்கு நான் வரணுமா?" என்றார். "அடக்கத்துக்கு வந்து, பொண்டாட்டி உனக்கு ஏதோ சொல்லிவிட்டா தம்பி, நான்தான் அத முழுங்கிட்டேன்னு சொல்லணுமா? கூப்பிட்ட, கூப்பிட்ட, நான் எடுக்கல. திட்டு. வாசல்ல ஆளில்ல. அடிக்கணும்னா அடி."

அடிக்கத் தோன்றவில்லை. அவர்மேல் எனக்கு எதுவுமே தோன்றவில்லை. ஒரு யோசனை மட்டும் வந்தது, மண் மாதிரியை எங்கே தோண்டலாம் என்று தோன்றுவது போல.

"உதடு எப்படி அசைஞ்சுது?"

"என்ன?"

"பாத்துக்கிட்டே இருந்தேன்னு சொன்னீங்களே. செஞ்சு காட்டுங்க."

"டோபெக், வேணாம்."

"நீங்க யார மாதிரி வேணும்னாலும் செய்வீங்க. பிஷப்பச் செஞ்சீங்க. மேயர் முன்னாடியே மேயரச் செஞ்சீங்க. எங்க கல்யாணத்துல என்னயச் செஞ்சு காட்டினீங்க. செய்யுங்க."

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு தன் பெட்டியை என் இன்னொரு கையில் கொடுத்தார். தொப்பியைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்தார். முகத்தை இரண்டு உள்ளங்கைகளாலும் ஒரு தடவை அழுத்தித் துடைத்தார். தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்து, கண்களைப் பாதி மூடினார்.

அவள் வந்தாள். பேசத் தொடங்கும் முன் அவள் மேலுதடு ஒரு ஓரத்தில் சற்றே உயரும். அது எனக்கு மறந்துபோயிருந்தது. ஐந்து மாதங்களாக அவள் படங்களைப் பார்க்கிறேன், எதிலும் அது இல்லை. அது அந்தச் சுருக்கம் விழுந்த, சரியாக மழிக்காத முகத்தில் வந்தது. உதடுகள் மூடின. திறந்தன. குவிந்தன. ஒரு பக்கம் தளர்ந்து இழுத்தது. மறுபடி மூடின.

எனக்குப் புரியவில்லை.

"இன்னொரு தடவ."

செய்தார். நான் முகத்தை அருகே கொண்டுபோனேன். சீக்கிரம் வா என்று இருக்கலாம். பயமாக இருக்கிறது என்று இருக்கலாம். அடுப்பில் எதையாவது விட்டு வந்திருப்பாள், அதை அணைக்கச் சொல்லியிருக்கலாம். தண்ணீர் கேட்டிருக்கலாம். ஒவ்வொன்றையும் அந்த உதடுகளில் பொருத்திப் பார்த்தேன். எல்லாமே பொருந்தின.

"இன்னொரு தடவ."

மூன்றாவது தடவை அவர் அதில் கொஞ்சம் சேர்த்துவிட்டார். வேண்டுமென்று சேர்க்கவில்லை. கண்ணோரத்தில் ஒரு சோகம், கடைசியில் உதடு மூடும்போது ஒரு சின்னத் தாமதம். அழகாக இருந்தது. எந்த அரங்கிலும் யாராவது அழுதிருப்பார்கள். அவளுக்கு அதற்கெல்லாம் நேரம் இருந்திருக்காது.

அவருக்கும் தெரிந்துவிட்டது. கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார். நிறுத்திவிட்டு மறுபடி முயன்றார். தலையை வேறு மாதிரி சாய்த்தார். மேலுதடு உயரவில்லை. இன்னொரு முறை முயன்றார்.

"போயிடுச்சு," என்றார். "இவ்வளவு நாளும் இருந்துச்சு. கண்ண மூடினா அதுதான். இப்ப என் வாய்தான் வருது."

"சரி."

"இரு, இரு. வரும். கொஞ்சம் பொறு."

திருப்பலி முடிந்துவிட்டது. கூட்டம் வாசலை நோக்கி வரத் தொடங்கியது. பானி வாலென்டினா எங்கிருந்தோ வந்து மேசையில் உட்கார்ந்து, எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் ரசீதுகளை அடுக்கினார்.

முதலில் வந்த கிழவர் என்னிடம் நின்றார். என் இரண்டு கைகளிலும் பெட்டி இருப்பதைப் பார்த்து, எதில் போடுவது என்று தயங்கி, இரண்டிலும் ஒவ்வொரு காசு போட்டார்.

"கடவுள் பலன் தரட்டும்," என்றேன்.

அடுத்தவருக்கும் அதையே சொன்னேன். பக்கத்தில் தொப்பியில்லாமல், குளிரில், ஹியரோனிம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அவர் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டே இருந்தன. சிலர் அவர் ஜெபம் செய்கிறார் என்று நினைத்துத் தலை குனிந்து கடந்து போனார்கள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பெட்டிகளை நீட்டிக்கொண்டு நின்றேன்.